மூன்று முறை நின்ற இரைச்சல்

"ஐயத்துக்கிடமான ஒலி எதுவாயினும், அது அழைப்பு அல்லவென்று தெளிவாகும் வரை அழைப்பு எனவே கொள்ளப்படவேண்டும். நிலையப் பொறுப்பாளர் அதை நேரத்துடன் பதிவு செய்து, கால் மணி நேரத்துக்குள் அருகிலுள்ள படகுகளுக்குத் தெரிவிக்கவேண்டும்." கரை ஒயர்லெஸ் நிலையங்களுக்கான கையேட்டில் இது ஏழாவது விதி. பழவேற்காட்டில், டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே ஓர் அறையில் இயங்கிய எங்கள் நிலையத்தில், இந்த விதியை ஓர் அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். நான் அந்த அட்டையைக் கடைசியாகப் பார்த்தபோது விதியைப் படிக்க முடியவில்லை. அதன்மேல் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டிருந்தது. அந்தச் சுற்றறிக்கை நான் எழுதியது.

காரணமில்லாமல் எழுதவில்லை. படகுகளுக்குக் கையடக்க ஒயர்லெஸ் செட்டு வழங்கிய முதல் வருஷம், நிலையத்தின் பதிவேடு யாரிடமும் காட்டக்கூடிய நிலையில் இல்லை. ஒருவர் செட்டின் முன்னால் பாட்டு வைப்பார். இன்னொருவர் பேசுவதற்கு அழுத்தும் பட்டனின்மேல் உட்கார்ந்துவிடுவார். பக்கம் பக்கமாக "யாரோ அழுத்தினார், பேசவில்லை" என்று எழுதியிருந்தது. தணிக்கைக்கு வந்தவர் இதென்ன என்று கேட்டார். நான் அப்போது மாவட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளர். கேட்ட கேள்விக்கு ஒரு சுற்றறிக்கையாவது போடாமல் இருக்க முடியாது. "படகின் பெயரும் செய்தியும் காதில் விழாத எதுவும் அழைப்பாகப் பதிவு செய்யப்படலாகாது" என்று எழுதினேன். ஒன்பது சொல்லில் முடித்ததற்காக மேலதிகாரி என்னைப் பாராட்டினார். முப்பத்தைந்து வருஷப் பணியில் என் நடைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

நிலையத்தில் தற்காலிகப் பணியில் இருந்தவரை எல்லோரும் ஆபரேட்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். பக்கத்துக் கிராமமான தோணிரேவுக்காரர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தார். உடன்பிறந்தவர் ஒரு தம்பி. அவர் மீன்பிடிப்பவர், அவருக்கு ஒரு மனைவி, ஒரு மகள். தம்பி வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு கருவேல மரம்தான் இருந்தது. காலையில் தம்பி மகளுக்குத் தலை பின்னிவிட்டுவிட்டு ஆபரேட்டரம்மா ஏழு மணிக்கு நிலையத்தைத் திறப்பார். செட்டைப் போட்டால் முதலில் ஒரு இரைச்சல் வரும். எண்ணெய் காய்ந்த வாணலியில் கடுகு வெடிப்பதற்கு முன்னால் கேட்குமே, அதைப் போல. யாரும் பேசாத வரைக்கும் அந்த இரைச்சல் இருக்கும். கடலில் யாராவது பட்டனை அழுத்தினால், பேச்சு வருவதற்கு முன்பே இரைச்சல் நின்றுவிடும். மற்ற நிலையங்களில் இரைச்சல் தலைவலியென்று அதை அடக்கி வைக்கும் திருகைத் திருகி விடுவார்கள். இவர் அதைத் தொடமாட்டார். "அது இருந்தாத்தான் சார் எனக்கு நிம்மதி. நின்னுச்சுன்னா யாரோ வாயைத் தொறக்கப் போறாங்கன்னு அர்த்தம்" என்பார்.

தம்பியின் முதல் செட்டு உப்புத்தண்ணீர் புகுந்து செத்துப்போனது. அதற்கு அவர் எங்கள் அலுவலகத்துக்கு மூன்று பிரதிகளில் விளக்கம் எழுதித் தரவேண்டியிருந்தது. எழுதியது அக்கா, கையெழுத்து மட்டும் அவருடையது. இரண்டாவது செட்டு கொடுத்தபோது அதோடு ஒரு அச்சிட்ட துண்டுச் சீட்டும் கொடுத்தோம்: "கருவியை எந்நேரமும் உலர்வாக வைத்திருக்கவும்." அந்த வாக்கியமும் என்னுடையதுதான். தம்பி அதை எனக்குத் தெரிந்த எந்த அரசு ஊழியரையும்விட ஒழுங்காகக் கடைப்பிடித்தார். அவருடையது சின்ன பைபர் படகு. அதில் அலைத்தண்ணீர் படாத ஒரே இடம் இன்ஜினின் சைலன்சர் குழாயை ஒட்டிய மூலை. ஒரு தகர டப்பாவில் துண்டைச் சுற்றி செட்டை வைத்து, டப்பாவை அந்த மூலையில் கம்பியால் கட்டிவிட்டார். கரைக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து செட்டை அக்காவின் கையில் வைப்பார். "யக்கா, தொட்டுப் பாரு, இட்லி மாதிரி கீது. ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. உங்க சாராண்ட போய் சொல்லு" என்பார். அக்கா ஒரு தடவை என்னிடம் சொல்லவும் செய்தார். நான் சிரித்தேன். நல்ல பழக்கம் என்று சொன்னதாகவும் ஞாபகம்.

இரண்டு மாதத்தில் தம்பியின் குரல் மெலிய ஆரம்பித்தது. செட்டில் மற்றவர்கள் பேசினால் அறை அதிரும். தம்பி பேசினால் அடுத்த வீட்டுச் சுவருக்குப் பின்னால் யாரோ பேசுவது போல இருக்கும். "இன்னாடா, சோறு துன்னலியா? சத்தமே வரல" என்று அக்கா கேட்பார். அவர் அங்கே தொண்டை கிழியக் கத்துவார். இங்கே கொஞ்சம்தான் கேட்கும். சாயங்காலம் மீன் ஏலம் போடும் இடத்தில் அவர் எல்லோர் முன்னாலும் அக்காவைக் கிண்டல் பண்ணுவார். "எங்கக்காவுக்கு காது மந்தமாயிடுச்சுப்பா. நான் கத்துறது ஆந்திரா வரைக்கும் கேக்குது, இதுக்குக் கேக்கல." கூட்டம் சிரிக்கும், அக்காவும் சிரிப்பார். "உன் வாய் தான் அவிஞ்சு போச்சு" என்று பதிலுக்குச் சொல்வார். இந்தப் பேச்சை அன்று யாரும் சாட்சியமாக நினைக்கவில்லை.

அது ஐப்பசி மாதம். வாடைக்காற்று ஏறிவிட்டதென்று காலையிலேயே எல்லாப் படகுகளும் திரும்பிவிட்டன. தம்பி மட்டும், முகத்துவாரத்துக்கு வெளியே விட்டுவந்த வலையை எடுத்துவிடலாமென்று பகல் பன்னிரண்டு மணிக்குத் தனியாகப் போனார். இரண்டரை மணி இருக்கும், அலுவலகத்தில் என் மேஜைத் தொலைபேசி அடித்தது.

"சார், நான் பழவேற்காட்டுலேருந்து. இரைச்சல் நிக்குது சார்."

"செட்டு கெட்டுப்போயிற்றா?"

"செட்டு நல்லாத்தான் கீது. யாரோ பட்டனை அமுக்கறாங்க. ரெண்டு வாட்டி ஆச்சு. அமுக்கிப் புடிச்சுகினே இருக்காங்க, அப்புறம் விட்டுடறாங்க. வெளிய எங்க தம்பி ஒருத்தன் தான் சார் கீறான்."

"பெயர் சொன்னார்களா?"

"இல்ல சார்."

"பேச்சு ஏதாவது?"

"காதை வெச்சுக் கேட்டேன் சார். ஒண்ணும் இல்ல. எழுதட்டா? எழுதிட்டுப் படகுக்காரங்களைக் கூப்புடட்டா?"

எனக்கு ஏழாவது விதி தெரியும். எண்ணைச் சொன்னால் உரையைச் சொல்லுவேன். ஆனால் சுற்றறிக்கை அதற்குப் பிந்தியது. பிந்தியது முந்தியதைக் கட்டுப்படுத்தும். போன மாதம்தான் வேறொரு நிலையத்தில் இப்படிப் பட்டன் சத்தத்தை நம்பி நாலு படகை அனுப்பி, கடைசியில் ஒருவர் செட்டின்மேல் படுத்துத் தூங்கியிருந்தது தெரிந்து, ஏகப்பட்ட கடிதப் போக்குவரத்து ஆகியிருந்தது. "பேச்சு கேட்கட்டும் அம்மா. கேட்டதும் எழுதுங்கள்" என்று சொன்னேன். அவர் "சரி சார்" என்றார். நான் போனை வைத்துவிட்டு, வந்திருந்த தேநீரைக் குடித்தேன்.

மூன்றாவது முறை இரைச்சல் நின்றபோது நெடுநேரம் நின்றதாம். அந்த அமைதிக்குள் தம்பி கத்திக்கொண்டிருந்தாரா, காத்துக்கொண்டிருந்தாரா என்று தெரியாது. பிறகு இரைச்சல் திரும்ப வந்தது, வந்ததுதான். ஆபரேட்டரம்மா இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு நிலையத்தைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் படகுத்துறைக்கு ஓடினார். மூன்று படகுகள் உடனே கிளம்பின. ஆனால் அதற்குள் முகத்துவாரத்தில் அலை எழும்பி வெளியே போக முடியாமல் செய்துவிட்டது. மறுநாள் படகு வடக்கே மணல்மேட்டில் கவிழ்ந்து கிடந்தது. தகர டப்பா கட்டிய இடத்தில் கட்டியபடி இருந்தது. உள்ளே செட்டு, துண்டு, எல்லாம் நனையாமல் இருந்தன. பட்டனை அழுத்திவிட்டு மறுபடி அதை டப்பாவில் வைத்து மூடியிருக்கிறார். தம்பி கிடைக்கவில்லை.

விசாரணை நடந்தது. போலீசார் அந்தச் செட்டில் பட்டனை அழுத்திப் பார்த்தார்கள், சிவப்பு விளக்கு எரிந்தது. ஆகவே செட்டு நல்ல நிலையில் உள்ளது என்று எழுதினார்கள். பேசிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. விளக்கு எரிவதுதான் எங்கள் படிவத்தில் இருந்த கட்டம். செட்டு நல்ல நிலையில் இருந்து, அழைப்பு கேட்கவில்லையென்றால் இரண்டில் ஒன்று. அவர் கூப்பிடவில்லை, அல்லது ஆபரேட்டருக்குக் கேட்கவில்லை. ஏலத்தில் சிரித்த அதே கூட்டத்திலிருந்து நாலு பேர் வந்து, தம்பியே அக்காவுக்குக் காது மந்தம் என்று பலமுறை சொன்னதாக வாக்குமூலம் கொடுத்தார்கள். பொய்யொன்றும் இல்லை, சொல்லத்தான் சொன்னார். ஆபரேட்டரம்மா அரசு மருத்துவமனையில் காதைச் சோதித்துச் சான்று வாங்கி வந்தார்: இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது. சான்று சம்பவத்துக்குப் பிந்திய தேதியிட்டது என்று அதை ஏற்கவில்லை. செவித்திறன் குறைவை மறைத்துப் பணியாற்றியது ஒரு குற்றம். அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டு நீங்கியது இன்னொரு குற்றம். பணி முடிந்தது.

இரைச்சல் மூன்று முறை நின்றதை அவர் விசாரணையில் சொன்னார். பின் ஏன் உடனே யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார்கள். "யாரையும் கேக்கல சார், தப்பு என்னுது தான்" என்று சொன்னார். நான் அந்த அறையில்தான் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். விசாரணை அலுவலர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதும் வழக்கம் நடைமுறையில் இல்லை. வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களையும் சேர்த்து வெளிய அனுப்பிட்டா எனக்கு யார் சார் பேப்பர் நகத்துவாங்க? நீங்க உள்ள இருங்க. அவன் கூப்ட்டான்னு மட்டும் எழுதி வாங்கிக் குடுங்க. வேற ஒண்ணும் வாணாம்." ஓய்வுபெற எனக்கு ஒன்றரை வருஷம் இருந்தது. அந்த ஒன்றரை வருஷத்தில் நான் ஒரு காகிதத்தையும் நகர்த்தவில்லை. எந்தக் காகிதத்தை எங்கே நகர்த்துவதென்றே தெரியவில்லை என்பது உண்மை. அதைவிட உண்மை, தெரிந்துகொள்ள நான் அவசரப்படவில்லை.

ஓய்வுபெற்ற அடுத்த வருஷம் என் கல்லூரித் தோழன் ஒருவன் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க வந்தான். பாலிமர்களின் மின் இயல்பைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்து, பாடம் சொல்லி, அவனும் ஓய்வுபெற்றிருந்தான். டச்சுக் கல்வெட்டுகளை எனக்கு அவன் காட்டினான், எதிரே பூட்டிக்கிடந்த நிலையத்தை அவனுக்கு நான் காட்டினேன். கதையைச் சொன்னேன். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அந்த ஆள் செட்டைப் படகில் எங்கே வைப்பார்?"

சைலன்சர் பக்கத்தில் என்றேன். அவன் ஒரு கல்லறையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த மாதிரிச் செட்டின் மைக்குக்குள் வெங்காயத் தோலைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் ஏடு இருக்கிறதாம். செய்யும்போதே அதைச் சூடாக்கி, உயர்ந்த மின்னழுத்தத்தில் வைத்து, மின்னழுத்தம் இருக்கும்போதே குளிரவிடுவார்கள். சூட்டில் அதன் மூலக்கூறுகள் அசைய இடம் கிடைத்து மின்புலத்துக்கு ஏற்பத் திரும்பிக்கொள்ளும், மின்னூட்டமும் உள்ளே போய் உட்காரும். குளிர்ந்ததும் எல்லாம் அப்படியே கண்ணாடி போல இறுகிவிடும். அந்த மின்னூட்டம் வருஷக்கணக்காக அங்கேயே இருக்கும். நாம் பேசும்போது ஏடு அதிர்வதைக் குரலாக மாற்றுவது அதுதான். "ஆனால் மறுபடி அந்தக் கண்ணாடி நிலை மாறும் சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், இறுகினது நெகிழும். உருகாது. நிறம் மாறாது, வளையாது, வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உள்ளே இருந்த மின்னூட்டம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். சாதாரண வெயிலில் பல வருஷம் ஆகும். சைலன்சர் சூட்டில் தினம் நாலு மணி நேரம் வைத்தால் இரண்டு மாதம் போதும்" என்றான். பட்டன், பேட்டரி, விளக்கு, எல்லாம் வேலை செய்யும். அலை கிளம்பும், அதில் குரல் இருக்காது. அவர்கள் துறையில் இதற்குத் தளர்வு என்று பெயராம். எங்கள் துறையில் தளர்வு என்றால் விதியிலிருந்து விலக்கு அளிப்பது. அதை மட்டும் நான் அன்று செய்யவில்லை.

நிரூபிக்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றான். அந்த ஏட்டைக் கழற்றி மெதுவாகச் சூடேற்றினால், உள்ளே மின்னூட்டம் இருந்தால் குறிப்பிட்ட சூட்டில் அது வெளியேறும்போது மிகச் சிறிய மின்னோட்டமாகத் தெரியும். வரைபடத்தில் ஒரு மேடு எழும். ஏற்கனவே போய்விட்டிருந்தால் கோடு தட்டையாக இருக்கும். அதே தொகுதியில் உபயோகிக்காத ஒரு செட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவன் ஆய்வகச் சாவியை ஒப்படைத்தாயிற்று. செட்டு காவல் நிலையப் பொருள் அறையில் இருந்தது. யாருக்கு எழுதினால் எது நடக்கும் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை. செட்டை விடுவிக்கக் காவல்துறைக்கு, சோதிக்க ஒப்புதல் கேட்டுப் பழைய அலுவலகத்துக்கு, சோதனைக்கு ஆய்வுக்கூடத்துக்கு என்று எழுதினேன். கூடவே, அன்று தொலைபேசியில் நான் சொன்னதையும் கையெழுத்திட்டு அனுப்பினேன். "தங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது" என்று ஒரு வரி வந்தது. அந்த வரியை நானே பல பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

தம்பி மனைவியிடம் நேரில் போய்ச் சொல்வதென்று முடிவு செய்தேன். அவர் வாசலில் நண்டு பிரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. மைக்கைப் பற்றிச் சொன்னேன், தொலைபேசியைப் பற்றியும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பென்ஷன் வர ஆரம்பிச்சுடுச்சா சார்?" என்றார்.

வர ஆரம்பித்துவிட்டது என்றேன்.

"அப்ப இனிமே சொன்னா ஒண்ணும் ஆவாது உங்களுக்கு. எங்க நாத்தனார் தான் உங்களை அனுப்பிச்சாங்களா? காதுல கேட்டாத்தான் பேப்பர்ல எழுதணும்னு அன்னிக்கு நீங்க தானே சொன்னீங்க. நீங்க சொல்றது எந்தப் பேப்பர்ல கீது? எடுத்துகினு வாங்க. வந்தா நானே போய் அவங்க கால்ல வுழறேன்."

நடுவிலிருந்த கருவேல மரத்தைச் சுற்றி அப்போது முள்வேலி போட்டிருந்தார்கள்.

காகிதம் வருமென்று ஆபரேட்டரம்மா என்னைவிட உறுதியாக நம்பினார். நண்டுக் கம்பெனியில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மாதம் ஒரு முறை என் வீட்டுக்கு போன் செய்வார். "இன்னா சார், வந்துச்சா?" "இல்லை அம்மா. ஒப்புதல் கொடுத்து செட்டை விடுவித்துவிட்டார்கள், ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டது." "அப்ப பாதி வந்துட்ட மாதிரி தான்." இப்படியே பல வருஷங்கள் ஓடின. பிறகு ஒரு மார்கழியில் வேறொரு செய்தியும் சொன்னார். "புள்ளைக்குத் தையில கல்யாணம் சார். திருப்பாலைவனத்துல மண்டபம். மொத நலங்கு அத்தை தானே வெக்கணும். இன்னும் சொல்லி அனுப்பல. பேப்பர் மட்டும் வந்துட்டா, நான் கூப்பிடாமயே போவேன்."

நான் ஆய்வுக்கூடத்துக்கு நினைவூட்டல் அனுப்பினேன், பதிவுத் தபாலில் ஒன்று, சாதாரணத் தபாலில் ஒன்று. தொலைபேசியில் பிடித்த ஒருவர், முடிவு தயாராகிவிட்டதாகவும் பதில் உரிய வழியாக வருமென்றும் சொன்னார். உரிய வழி எவ்வளவு நீளம் என்று அளந்தவர்களில் நானும் ஒருவன்.

கல்யாணத்தன்று அவரோடு நானும் போனேன். கூப்பிடாமல் உள்ளே போக அவருக்கு மனமில்லை. மண்டபத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில், நல்ல புடவை கட்டிக்கொண்டு, மடியில் தாம்பூலத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். மூன்று பஸ் வந்து போயின. ஒரு கண்டக்டர் "ஏறலியாம்மா?" என்று கேட்டுவிட்டு, விசிலடித்துக்கொண்டு போனார். தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளை வீட்டுக் காரில் ஏற வந்த பெண் எதிரே அத்தையைப் பார்த்துவிட்டது. மாலையோடு ரோட்டைக் கடந்து ஓடிவந்தது. பின்னால் ஆட்கள் கூப்பிட்டார்கள்.

"அத்தை, நெசமா சொல்லு. எங்க நைனா கூப்ட்டாரா?"

"கூப்ட்டான்மா. மூணு வாட்டி கூப்ட்டான்."

"உனுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"இன்னா சொன்னாரு?"

ஆபரேட்டரம்மா பதில் சொல்வதற்குள் தாய் வந்து பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். தட்டை அவர் பார்த்தார், என்னையும் பார்த்தார். "பேப்பர் வந்துச்சா?" என்று என்னிடம்தான் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, வந்திருக்கக்கூடும் என்பது போலக் கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனார். கார் பொன்னேரிப் பக்கம் திரும்பிப் போகும் வரைக்கும் ஆபரேட்டரம்மா நின்றிருந்தார். பிறகு, "இன்னா சொன்னாருன்னு கேட்டா நான் எங்க சார் போவேன்?" என்றார். தட்டைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, அடுத்து வந்த பஸ்ஸில் ஏறினார்.

ஆய்வுக்கூடத்தின் பதிலில் இரண்டு வரைபடங்கள் இணைத்திருந்தார்கள். உபயோகிக்காத செட்டின் ஏட்டில் மேடு எழுந்திருந்தது. தம்பியின் செட்டில் கோடு தட்டையாக இருந்தது. "அனுப்பும் பகுதி முழுமையாக இயங்குகிறது. ஒலிவாங்கி ஏட்டில் மின்னூட்டம் இல்லை. நீடித்த வெப்பமே காரணம். பட்டன் அழுத்தப்பட்டிருப்பின் குரலற்ற அலை மட்டுமே சென்றிருக்கும். பெறும் நிலையத்தில் இரைச்சல் நிற்பது ஒன்றே அதற்கு அடையாளம்." கையெழுத்து கல்யாணத்துக்கு ஐந்து வாரம் முன்பே போடப்பட்டிருந்தது. விண்ணப்பத்துக்கு ஒப்புதல் அளித்த அலுவலகம் என்ற முறையில் கடிதத்தை என் பழைய அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே அதைப் பதிந்து, எண்ணிட்டு, உரிய மேஜைகளில் வைத்து எடுத்து, தகவலுக்காக எனக்கு ஒரு நகல் அனுப்பினார்கள். அது என் கைக்கு வந்தது பிப்ரவரி ஒன்பதாம் தேதி, கல்யாணம் முடிந்த பதினோராம் நாள், காலைத் தபாலில்.